முதல் முறை வலிப்பு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு முதன்முதலாக ஃபிட்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய சில நாட்களில் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் இவை. வலிப்பு இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது என்றால் முதல் பதிலையும் 108 பற்றிய பதிலையும் மட்டும் படியுங்கள். மற்றவை காத்திருக்கும்.

கண்ணெதிரே வலிப்பு வந்துகொண்டிருக்கிறது. என்ன செய்வது?

முதலில் மணி பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். பின்னால் எடுக்கும் முடிவுகள் பலவும் அந்த நேரக் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன.

ஆளை நகர்த்தாமல், சுற்றியிருக்கும் நாற்காலி, டம்ளர், அருவாமனை, சூடான பாத்திரம் ஆகியவற்றை நகர்த்துங்கள். சாலையிலோ தண்ணீரிலோ மாடிப்படி ஓரத்திலோ அடுப்பருகிலோ விழுந்திருந்தால் மட்டும் ஆளை இழுத்துத் தள்ளிப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். கழுத்தை இறுக்கும் காலர், துப்பட்டா, சங்கிலியைத் தளர்த்துங்கள். வெட்டி இழுக்கும் கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். அமுக்கினால் வலிப்பு நிற்காது, தோள்மூட்டுதான் விலகும்.

வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் பக்கத்தில் முட்டியிட்டு, உங்கள் பக்கமுள்ள கையை உடலிலிருந்து செங்கோணமாக வெளியே நீட்டி வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை எடுத்து அதன் புறங்கையை உங்கள் பக்கமுள்ள அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி உங்களை நோக்கி இழுத்தால் உடல் தானாக உருண்டுவிடும். பருமனான ஆளையும் ஒருவரே இப்படித் திருப்பலாம். மோவாய் சற்று நிமிர்ந்தும், வாய் தரைப்பக்கம் சாய்ந்தும் இருந்தால் எச்சிலும் நுரையும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழியும். அடுத்த சில நிமிடங்கள் குறட்டை போல மூச்சு வரும். அது வழக்கம்தான். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது.

கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுத்தால் நிற்காதா?

நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் 1 முதல் 3 நிமிடத்துக்குள் தாமாக அடங்குபவை. விழுந்தவரைப் பார்த்து, கூட்டம் கூடி, யாரோ ஒருவர் சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. நின்ற பெருமை இரும்புக்குப் போய்விடுகிறது. வெங்காயத்தைக் கசக்கி மோப்பம் காட்டுவதும், தீக்குச்சி கொளுத்தி மூக்கில் காட்டுவதும், செருப்பும் இதே கணக்குதான். சாவியால் பெரிய கெடுதல் இல்லை என்றாலும், சாவி தேடும் அந்த இரண்டு நிமிடத்தில் ஆளை ஒருக்களிக்க யாரும் இருப்பதில்லை.

நாக்கை விழுங்கிவிடுவார் என்கிறார்களே, ஸ்பூன் வைக்கலாமா?

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், விரலையும்தான். வலிப்பில் இறுகிய தாடை ஸ்பூனை வைத்தால் பல்லை உடைக்கும், விரலை வைத்தால் விரலைக் கடிக்கும். உடைந்த பல் நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்தால் அது தனி ஆபத்து. நாக்கு கடிபடுவது பெரும்பாலும் வலிப்பின் முதல் நொடிகளிலேயே நடந்து முடிந்துவிடும். அந்தப் புண் ஒரு வாரத்தில் தானே ஆறும்.

108-ஐ எப்போது அழைக்க வேண்டும்?

முதல் வலிப்பு என்றால் எப்படியும் அழையுங்கள். ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு 5 நிமிடம்தான் எல்லைக்கோடு (மருத்துவர் எழுதித் தந்த ஸ்பிரே வீட்டில் இருப்பவருக்கான கணக்கு கடைசிப் பதிலில்). 5 நிமிடம் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், அதை மருந்தால்தான் நிறுத்த வேண்டியிருக்கும். நடுவில் நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு தொடர்ந்தாலும் அதே அவசரம்தான். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, தலையில் அடிபட்டவர், தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர், கழுத்து விறைப்போடு காய்ச்சல் உள்ளவர் என்றால் நிமிடம் எண்ண வேண்டாம்.

வலிப்பு நின்றுவிட்டது, ஆள் நன்றாகப் பேசுகிறார். நாளைக்குப் போனால் போதாதா?

போதாது, அன்றே போங்கள். வலிப்பு மூளையின் சொந்தக் கோளாறாக இருக்கலாம், வேறொன்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மூளைக்காய்ச்சல், மூளைக்குள் ரத்தக்கசிவு, ரத்தத்தில் சோடியம் சரிவு, சர்க்கரை வீழ்ச்சி இவற்றில் எதுவும் நாளை வரை பொறுத்திருக்காது. வலிப்புக்குப் பின் ஒரு பக்கக் கையோ காலோ பலமிழந்திருந்தால், வலிப்பின் களைப்பால் வந்து ஒரு நாளில் சரியாகக்கூடிய பலவீனமாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் பக்கவாதம் இல்லை என்று சொல்ல ஸ்கேன் வேண்டும், வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

ஒரு தோளை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வலிப்பின் இறுக்கத்தில் தோள்மூட்டு பின்பக்கமாக விலகுவதுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது எளிதில் கண்ணில் படாது. முதுகெலும்பு நசுங்குவதும் உண்டு. "ஃபிட்ஸ் வந்த உடம்புவலி" என்று இரண்டையும் தள்ளிவிடுவார்கள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்க்காமல் எங்களையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஏன்?

வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை பார்த்தவரின் வாய்மொழியில்தான் முடிகிறது. வலிப்பு வந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஆகவே அவரைத் தனியாக அனுப்பாமல், நேரில் பார்த்தவர் கூடப் போக வேண்டும். அவர் வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது பேச வையுங்கள்.

எதைச் சொல்ல வேண்டும்? தொடக்கம்தான் முக்கியம், மக்கள் சொல்வதோ முடிவை. தலையும் கண்ணும் முதலில் எந்தப் பக்கம் திரும்பின, ஒரு கை மட்டும் முதலில் துடித்ததா, வாயை மென்றுகொண்டே வெறித்துப் பார்த்தாரா, திடீரென அலறி விழுந்தாரா, முகம் வெளுத்ததா நீலம் பாய்ந்ததா, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நினைவு தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்பவற்றை எழுதி எடுத்துப் போங்கள். ஒரு பக்கமாகத் தொடங்கிய வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். இன்னொருமுறை வந்து, பக்கத்தில் இரண்டாவது ஆள் இருந்தால் ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். மரியாதைக் குறைவாகத் தோன்றும், ஆனால் அந்த 40 நொடி வீடியோ பல நேரம் ஆயிரக்கணக்கில் செலவழித்த சோதனையை விடப் பேசும்.

இன்னொரு கேள்வியும் வரும்: இதற்கு முன் காலையில் பல் தேய்க்கும்போதோ காபி குடிக்கும்போதோ கை திடீரென்று உதறி டம்ளர் தெறித்ததுண்டா? பதின்ம வயதில் இப்படி உதறுவதைக் கவனக்குறைவு என்று திட்டி விட்டிருப்பார்கள். பரீட்சைக்கு இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மறுநாள் காலை பெரிய வலிப்பு வரும். முன்பு வந்த உதறல்களும் வலிப்பே என்பது அப்போதுதான் தெரியும். மருந்துத் தேர்வையே மாற்றக்கூடிய தகவல் இது.

அது வெறும் மயக்கமாக இருந்திருக்கலாம் அல்லவா?

இருந்திருக்கலாம். வெயிலில் நெடுநேரம் நின்று, ரத்தம் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு மயங்கி விழுபவர்களுக்கும் சில நொடி கை கால் உதறும், சிறுநீர்கூடப் போகலாம். வேறுபாடு இங்கே: மயக்கத்தில் முன்னதாக வியர்த்து, கண் இருட்டி, முகம் வெளுக்கும். உதறல் 15 நொடிக்குள் முடியும், படுத்ததும் அரை நிமிடத்தில் தெளிந்து "எங்கே இருக்கிறேன்" என்று சரியாகவே கேட்பார். வலிப்பில் உதறல் நிமிடக்கணக்கு, தெளிவதற்கு இன்னும் அதிகம். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருந்தால் வலிப்பின் பக்கம் எடை கூடும்.

இந்தக் குழப்பத்தில் மிக ஆபத்தானது, இதயத் துடிப்புக் கோளாறால் வரும் மயக்கத்துக்கு வலிப்பு என்று பெயர் வைத்துவிடுவது. வலிப்பு மாத்திரை இதயத்தைக் காப்பாற்றாது. ஓடும்போது, நீந்தும்போது, திடுக்கிடும்போது விழுந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் யாரும் திடீரென இறந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் வலிப்பு வந்த ஒவ்வொருவருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஒருமுறை வந்துவிட்டது. இனி வலிப்பு நோயாளியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உடனடிக் காரணம் ஒன்று கிளறி வந்த வலிப்பு நோய்க் கணக்கில் சேராது. அந்தக் காரணத்தைச் சரி செய்தால் கதை முடிந்தது. அப்படி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் வந்து, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டாவதும் வந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள். ஒரே வலிப்புதான் என்றாலும் ஸ்கேனிலோ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யிலோ கண்டது அடுத்த 10 ஆண்டில் மீண்டும் வரும் வாய்ப்பை 60 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், 2014 முதல் உள்ள வரையறைப்படி அதுவும் வலிப்பு நோய்தான்.

கிளறல் இல்லாத முதல் வலிப்பு வந்த பெரியவர்களில் முதல் 2 ஆண்டுக்குள் மீண்டும் வருவது 100-க்கு 21 முதல் 45 பேருக்கு. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டாவது வருவதில்லை. மூளையில் பழைய தழும்பு, இ.இ.ஜி.யில் வலிப்பு அலை, தூக்கத்தில் வந்த வலிப்பு ஆகியவை அந்த எண்ணைக் கூட்டும்.

எங்களுக்கு எது கிளறியது என்று எப்படித் தெரியும்?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூளையில் இருக்கும் தழும்போ கட்டியோ மரபோ 'காரணம்'. அன்றைக்கு அதைத் தட்டி எழுப்பியது 'கிளறல்'. தூக்கமின்மை காரணமல்ல, கிளறல். ஆனால் கடுமையாகச் சரிந்த சோடியம் தனியாகவே வலிப்பைக் கொண்டுவரும். அங்கே கிளறலும் காரணமும் ஒன்றுதான். குடும்பங்கள் இவற்றைக் குழப்பிக்கொண்டு "ராத்திரி டி.வி. பார்த்ததால்தான்" என்று ஒருவரை ஆயுளுக்கும் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள்.

வலிப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தை ஒரு தாளில் பின்னோக்கி எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், வாந்தி பேதி இருந்ததா, காய்ச்சலா, புதிதாக என்ன மாத்திரை, எதை நிறுத்தினார், எவ்வளவு குடித்தார், கடைசி மடக்கு எப்போது. பல முதல் வலிப்புகளுக்கு இந்தத் தாளிலேயே விடை இருக்கும்.

குடியைப் பற்றி மக்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். தினமும் குடிப்பவருக்கு வலிப்பு பெரும்பாலும் போதையில் வருவதில்லை, நிறுத்திய பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. மாலை போட்டு விரதம் தொடங்கிய மறுநாளோ, காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாளோ வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது நல்லெண்ணம்தான், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. வெட்கப்பட்டு இந்த உண்மையை மறைத்தால் தேவையில்லாத வலிப்பு மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடும்.

மருந்துகளில் வலிக்குப் போடும் டிரமடால் முதல் சந்தேக நபர், அதிலும் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால். சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக், புகைப்பதை நிறுத்தக் கொடுக்கும் புப்ரோபியான், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், அளவு மிஞ்சிய ஐசோனியசிட் (காசநோய் மாத்திரை) ஆகியவையும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடும். தூக்க மாத்திரையை நெடுநாள் போட்டுத் திடீரென விட்டாலும் வலிப்பு வரும்.

வயதானவர்களில் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் இரண்டு நாள் வாந்தியோடு குழம்பிப் பேசி, பிறகு வலிப்பு வந்தால் சோடியம் பார்க்க வேண்டும். 115-க்குக் கீழே போனால் வலிப்புக்கு அதுவே போதும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்கு விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது ஒரு நிமிட வேலை. எந்த வலிப்பிலும் அதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது வந்தது. இப்படியும் வருமா?

வரும். 'வெந்நீர் வலிப்பு' என்ற இந்த வகை உலகில் மற்ற பகுதிகளைவிடத் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதிகம் காணப்படுவது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. உடம்புக்கு ஊற்றும் வெந்நீரால் வருவதில்லை. தலையில் குவளை குவளையாக வேகமாக ஊற்றும்போது வருகிறது. நீர் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரிச் சூட்டில் இருக்கும். ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் கூடுதல். எண்ணெய்க் குளியல் நாளில், தீபாவளி விடிகாலையில் வருவதற்கு வேறு மர்மம் ஒன்றுமில்லை: அரைத் தூக்கம், தலையில் வெந்நீர்.

பலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. வெதுவெதுப்பான நீரில், முதலில் உடம்புக்கு ஊற்றி, தலையைக் கடைசியில் ஈரத் துண்டால் துடைப்பது போதும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் தண்ணீரை ஆறவைத்துச் சிறு குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். அப்படியும் வந்தால், தலைக்குளியலுக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம் முன்பு குளோபசாம் ஒரு வேளை மட்டும் போடும் முறை இருக்கிறது. அளவை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

நீலகிரித் தைலம், கற்பூரம் பற்றிச் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கும் கிளறல்களில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும், மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் மூளையை வலிப்புக்குத் தூண்டும். வாயில் போனால் மட்டுமல்ல, முகர்ந்தாலும் தோலில் தேய்த்தாலும் சிலருக்கு வருகிறது. சளிக்கு ஆவி பிடிக்கும் வெந்நீரில் விடும் சொட்டு, மூட்டுவலித் தைலம், நெஞ்சில் தடவும் மருந்து, சில பற்பசைகள் எனப் பல வழியில் உள்ளே வருகிறது. "தலைவலி என்று தைலம் தேய்த்தான், அரை மணியில் வலிப்பு" என்ற வாக்கியத்தில் தைலத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வீட்டில் இருக்கும் புட்டிகளின் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். வலிப்பு வந்தவர் வீட்டில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்று உள்ள எதையும் அவருக்குப் பயன்படுத்தாதீர்கள். குழந்தை கற்பூரக் கட்டியை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடலாம்.

டி.வி., செல்போன்?

விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வருபவர்கள் வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 3 பேர் அளவுதான். இ.இ.ஜி. அறையில் மின்விளக்கை அடித்துக் காட்டுவது அதைக் கண்டுபிடிக்கவே. மற்றவர்களுக்குச் செல்போன் செய்யும் கெடுதல், இரவு ஒரு மணி வரை தூங்கவிடாமல் வைப்பது.

அமாவாசை, பௌர்ணமி?

தொடர்பில்லை. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கூடுவதுண்டு. அது ஹார்மோன் ஏற்ற இறக்கம். நாட்காட்டியில் விலக்கு நாளையும் வலிப்பு நாளையும் குறித்து வைத்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

மூளையில் பூச்சி என்றார்கள். நாங்கள் சுத்த சைவம், எப்படி வந்தது?

நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி மூளையில் தங்குவதுதான் இது. இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டால் குடலில் புழு வளரும். மூளைக் கட்டி வருவது வேறு வழியில்: குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை, பச்சைக் காய்கறி, தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குள் போவதால். ஆகவே பன்றியைக் கண்ணால் பார்க்காதவருக்கும் வரும். கீரை, கொத்தமல்லி, கேரட்டைப் பச்சையாகச் சாப்பிடுவதற்கு முன் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும், சமைப்பவர் கையைச் சோப்பால் கழுவுவதும்தான் தடுப்பு.

"பூச்சிதானே" என்று மருந்துக் கடையில் அல்பெண்டசோல் வாங்கிப் போடாதீர்கள். கட்டி சாகும்போது சுற்றியுள்ள மூளை வீங்கும், வலிப்பு கூடும். ஸ்டீராய்டு சேர்த்து, எடைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், கண்ணுக்குள் கட்டி இல்லை என்று பார்த்த பிறகே கொடுப்பார்கள். கட்டிகள் ஏராளமாக இருந்தால் கொடுக்காமலும் விடுவார்கள். இந்தக் கட்டி ஸ்கேனில் வளையம் போலத் தெரியும். அதே போன்ற வளையத்தைக் காசநோய்க் கட்டியும் காட்டும், இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் கேட்கிறார்கள்.

இ.இ.ஜி. நார்மல் என்று வந்தது. அப்படியானால் ஒன்றுமில்லைதானே?

இல்லை. வலிப்பு வந்தவர்களிலும் முதல் இ.இ.ஜி.யில் வலிப்பு அலை தெரிவது 100-க்கு 30 பேர் அளவுக்குத்தான். அந்த அரை மணி நேரம் மூளை அமைதியாக இருந்தது என்பதைத்தான் நார்மல் இ.இ.ஜி. சொல்கிறது. முந்தைய இரவு குறைவாகத் தூங்கி வந்து, பரிசோதனையின்போது தூங்கினால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை ஆய்வகத்திலேயே கேளுங்கள். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள், எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது. போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

அவசரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் பெரிய கட்டியையும் காட்டும். சிறு தழும்புக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், அதிலும் 'எபிலெப்ஸி புரோட்டோகால்' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சாதாரண முறையில் எடுத்தால் நெற்றிப்பொட்டுப் பக்க மடலில் உள்ள சுருக்கம் தப்பிவிடக்கூடும்.

முதல் வலிப்புக்கே மாத்திரை தொடங்க வேண்டுமா?

கிளறல் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் நீண்டகால மாத்திரை வேண்டாம். தெரியாவிட்டால் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். உடனே தொடங்குவது முதல் 2 ஆண்டில் மீண்டும் வரும் வாய்ப்பை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் 3 ஆண்டுக்கு மேல் தள்ளிப் பார்த்தால், காத்திருந்து தொடங்கியவருக்கும் முதலிலேயே தொடங்கியவருக்கும் நீண்டகாலப் பலனில் வேறுபாடு இல்லை. உயரத்தில் வேலை செய்பவர், தனியாக வாழ்பவர், எலும்பு தேய்ந்த முதியவர் போன்றோர் இரண்டாவது வலிப்பைத் தாங்க முடியாது என்று தொடங்கலாம். மாணவர் ஒருவர் காத்திருக்கலாம். இரண்டும் சரியான முடிவுதான்.

தொடங்கிய மாத்திரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கார்பமசெபைன், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின் இவற்றில் முதல் 8 வாரத்துக்குள் தோலில் தடிப்பு வந்தால், அதோடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. லெவிடிராசிட்டமில் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் எரிச்சலும் கோபமும் கூடும். "வலிப்பு வந்ததிலிருந்து மனுஷன் மாறிட்டார்" என்று வீட்டார் சொன்னால் பெரும்பாலும் மாத்திரைதான் பேசுகிறது, மாற்றித் தரச் சொல்லலாம். ஃபெனிட்டாய்னில் ஈறு வீங்கும், கூடவே அளவைச் சற்றே கூட்டினாலும் ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தள்ளாட வைக்கும்.

சோடியம் வால்ப்ரோயேட் நல்ல மருந்து, ஆனால் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும். கருவிலுள்ள குழந்தைக்கு 10-ல் ஒன்று என்ற அளவில் உறுப்புக் குறை வருகிறது, அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்திவிடுவது இன்னொரு ஆபத்து, அன்றே மருத்துவரைப் பாருங்கள். கார்பமசெபைனும் ஃபெனிட்டாய்னும் கருத்தடை மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகப் போட வேண்டாம். தீர்ந்துபோன பிறகு கடைக்குப் போகாமல், ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கிளறல்களிலேயே பெரியது மாத்திரையை விட்டுவிடுவதுதான்.

குழந்தைக்குக் காய்ச்சலில் ஜன்னி வந்தது. இதுவும் அதுதானா?

6 மாதம் முதல் 5 வயது வரை காய்ச்சலோடு வந்து, 15 நிமிடத்துக்குள் முடிந்து, ஒரே நாளில் திரும்ப வராமல் இருந்தால் அது எளிய காய்ச்சல் வலிப்பு. மூவரில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மீண்டும் வரலாம், ஆனால் பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறுவது 100-க்கு ஓரிருவருக்கே. பாராசிட்டமால் காய்ச்சலின் அலுப்பைக் குறைக்கும். ஆனால் அது வலிப்பைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் சாய்த்துக் கை கால்களைச் சுருக்கி, மீண்டும் மீண்டும் கும்பிடுவது போலச் செய்தால் வயிற்றுவலி என்று ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது வேறு வகை வலிப்பு, ஒவ்வொரு வாரத் தாமதமும் மூளை வளர்ச்சியைத் தின்னும்.

கர்ப்ப காலத்தில் முதல் வலிப்பு?

5 மாதத்துக்கு மேல் என்றால் வேறு காரணம் நிரூபணமாகும்வரை ரத்த அழுத்தத்தால் வந்த எக்லாம்ப்சியா என்றே வைத்து, மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவார்கள். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அந்தக் காலத்தில் விடாத தலைவலியோடு வலிப்பு வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "பச்சை உடம்புக்காரி, தண்ணீர் கொடுக்காதே" என்று உலரவிடுவது உறைவதற்கு உதவும்.

குளியலறை, சமையல், வண்டி: இவற்றில் எதை விட வேண்டும்?

காரணம் தெரியும்வரை குளியலறைக் கதவுக்குத் தாழ் போட வேண்டாம், சாத்தினால் போதும். கிணறு, ஆறு, குளம், கடல் தனியாக வேண்டாம். அடுப்பின் பின்வரிசைப் பர்னரைப் பயன்படுத்துங்கள், கொதிக்கும் சோற்றுக் கஞ்சியை வேறொருவர் வடிக்கட்டும். மொட்டை மாடி விளிம்பு, மரமேறுதல், ஏணி, திறந்த கிணற்று மேடு இவற்றையும் தவிருங்கள்.

வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும், சைக்கிளும் சேர்த்து. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பிரிட்டனில் கிளறல் இல்லாத முதல் வலிப்புக்குக் குறைந்தது 6 மாதம் கார் ஓட்டக் கூடாது. இங்கே உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்லும் காலத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குத் தடையா?

சட்டப்படி இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தகுதிக் குறைவாகச் சொன்ன பகுதி 1999-ல் நீக்கப்பட்டது. மறைத்துக் கட்டிக்கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை, சட்டத்துக்காக மட்டுமல்ல: மறைப்பவர் புது வீட்டில் ரகசியமாக மாத்திரை போட முடியாமல் விட்டுவிடுகிறார், கல்யாணக் கண்விழிப்பும் சேர, முதல் வாரத்திலேயே வலிப்பு வந்துவிடுகிறது.

இரண்டாவது வந்துவிட்டால் வீட்டிலேயே நிறுத்த வழி உண்டா?

மிடசோலம் மூக்கு ஸ்பிரே இருக்கிறது, மருத்துவர் எழுதித் தந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி., 1.25 மி.கி. என வெவ்வேறு வலுவில் விற்கிறார்கள். எடைக்கேற்ப எத்தனை மி.கி., அது உங்கள் புட்டியில் எத்தனை அழுத்தல் என்பதைப் புட்டியின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். கடைக்காரர் வேறு வலு கொடுத்தால் எண்ணிக்கை மாறும். புதுப் புட்டி என்றால் முதலில் காற்றில் சில முறை அழுத்தி மருந்து தூறலாக வருகிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். பாதிப் பாதியாக இரண்டு மூக்குத் துளையிலும் அடிக்க வேண்டும். வலிப்பு தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் அடிப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள், வழக்கமாக 5. அடித்து 5 நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றால், அல்லது மூச்சு மந்தமானால், 108.